மந்திரி குமாரியும் மறைந்துபோன காப்பியமும்

செல்வர் வீட்டுப் பிள்ளை வழிதவறினான் என்பது உலகத்துக்குப் புதிய செய்தியன்று. ஊர் முழுவதும் அறிந்த அச்செய்தியை அவன் வீடு மட்டும் அறியாததுபோல் இருப்பதும் புதிதன்று. பழையதாகிய இச்செய்தியைப் பற்றி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கதை வழங்கி வருகின்றது. அது பாலி மொழியில் உரைக்கப்பட்டது, தமிழில் காப்பியமாயிற்று, அக்காப்பியம் மறைந்தது, பின்னர் 1950ஆம் ஆண்டில் வெள்ளித்திரையில் ‘மந்திரி குமாரி’ என்னும் பெயரோடு மீண்டும் எழுந்தது. அதன் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் இல்லத்தில் பன்முறை சொல்லக் கேட்ட ஒரு நிகழ்ச்சியாகும். பெங்களூரின் தண்டுப் பகுதி 1809ஆம் ஆண்டில் படை தங்குமிடமாகத் தொடங்கியது என்பதையும், படையோடும் பிழைப்போடும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கு வேரூன்றின என்பதையும் நாம் அறிவோம். 1947ஆம் ஆண்டில்தான் அப்பகுதி வெள்ளையர் ஆட்சியினின்று நீங்கி மைசூரோடு சேர்ந்தது. அதன்பின் மூன்றாண்டு கழித்து, இளைஞராயிருந்த என் தந்தையாரும் அவருடைய தமையனாரும் ‘மந்திரி குமாரி’ படத்தைக் கண்டுவிட்டு, இரவில் ஆஸ்டின் டவுனுக்கு நடந்தே திரும்பினார்களாம். வழிநெடுகச் சொற்போர். கொள்ளைக்காரனாகிய கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொன்ற பெண் செய்தது சரியா, தவறா என்பதே வழக்கு. பெரியப்பா அவளைக் குற்றவாளி என்றார். தந்தையார் அவளைக் காத்துப் பேசினார். வீடு வந்து சேர்ந்தும் வழக்கு முடியவில்லை. படத்தைப் பார்த்திராத பாட்டியார் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏண்டா, அந்தப் பிள்ளையை அவ்வளவு உயரத்துக்கு ஏத்திவிட்டவன் அவன் அப்பன். தள்ளிவிட்டவள் மேலே மட்டும் ஏன் பழி போடுறீங்க?” என்றாராம்.

எழுத்தறியாத அம்மூதாட்டியின் தீர்ப்பு, பல நூல்களைக் கற்ற பின்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அது பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் வரலாறு

‘மந்திரி குமாரி’ சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த படம். அந்நிறுவனத்தின் தலைவர் டி. ஆர். சுந்தரமும் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் இயக்கினர். கதையும் உரையாடலும் கலைஞர் மு. கருணாநிதி எழுதியவை. முன்பே மேடை நாடகமாக அவர் எழுதியிருந்ததே படமாயிற்று. அப்போது அவருக்கு வயது 26.

டங்கனைப் பற்றி ஒரு குறிப்பு ஈண்டு வேண்டற்பாலது. அவர் 1935ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். தமிழறியாதவராகவே இருந்து தமிழ்ப் படங்களை இயக்கினார். அவர் இயக்கிய முதற் படம் 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை அடியொற்றியது அது. செல்வனொருவன் தீய நட்பாலும் குடியாலும் சீரழிந்து, தான் கொலை செய்துவிட்டதாக எண்ணி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிக் கூலியாக உழைப்பதை அப்படம் காட்டியது. எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலில் திரையில் தோன்றியதும் அதில்தான். அவ்வாறு வழிதவறிய செல்வனின் கதையோடு தமிழுலகில் நுழைந்த டங்கன், வழிதவறிய குருமகனின் கதையோடு தமிழுலகை விட்டு நீங்கினார். ‘மந்திரி குமாரி’யே அவர் இயக்கிய இறுதித் தமிழ்ப் படம். இரண்டுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. ‘சதி லீலாவதி’யின் செல்வன் தன் பிழைக்காகத் தானே ஓடி ஒளிகிறான், தானே உழைத்துத் துன்புறுகிறான். ‘மந்திரி குமாரி’யின் இளைஞனோ எங்கும் ஓட வேண்டியதில்லை. ஒளிவதற்கு அவன் வீடே போதுமானதாக இருக்கிறது.

கதை முல்லை நாட்டில் நிகழ்கிறது. அந்நாட்டு மன்னன் வலிமையற்றவன். இராசகுருவின் சொல்லே அரசவையில் ஓங்கி நிற்கிறது. இராசகுரு தன் மகன் பார்த்திபனைத் தளபதியாக்க விரும்புகிறான். மன்னனோ வீரமோகனைத் தளபதியாக்குகிறான். ஏமாற்றமுற்ற பார்த்திபன் இரவில் கொள்ளைத் தலைவனாகிறான். பகலில் குருவின் செல்வ மகனாகவே திரிகிறான். கொள்ளையும் ஒரு கலையே என்று வாதாடும் நாவன்மை அவனுக்கு உண்டு. இளவரசி ஜீவரேகாவை விரும்பி அவன் அனுப்பும் மடல், தவறுதலாக அவள் தோழியாகிய மந்திரி மகள் அமுதவல்லியிடம் சேர்கிறது. அவள் அவனைக் காணச் சென்று காதல் கொள்கிறாள்.

வீரமோகன் கொள்ளையனைப் பிடித்து அவைக்குக் கொணர்கிறான். இங்கேதான் கதையின் உயிர்நிலை அமைந்துள்ளது. தன் மகனைத் தேவியின் திருமுன் வைத்தே விசாரிக்க வேண்டும் என்கிறான் இராசகுரு. சிலைக்குப் பின்னே மறைந்து நின்ற அமுதவல்லி, தேவியே பேசுவதுபோல், அவன் குற்றமற்றவன் என்கிறாள். மன்னன் நம்புகிறான். கள்வன் விடுதலை பெறுகிறான். கள்வனைப் பிடித்தவன் நாடு கடத்தப்படுகிறான்!

திருந்துவதாக வாக்களித்து அமுதவல்லியை மணந்த பார்த்திபன் திருந்தவில்லை. உண்மையை அவள் அறிந்தபோது, அவளையே கொல்லத் துணிந்து மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் ஜி. ராமநாதன் இசையில் பாடிய பாடல் அந்த மலைப்பயணத்துக்கு உரியது. கேட்பவர்க்கு அது காதற் பாட்டு. பாடுகிறவன் உள்ளத்திலோ கொலை. உச்சியை அடைந்ததும் அவன் தன் எண்ணத்தை வெளியிடுகிறான். இறக்குமுன் கணவனை மூன்று முறை வலம்வர அவள் இசைவு கேட்கிறாள். வலம் வருகையில் பின்னிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜனும், அமுதவல்லியாக மாதுரி தேவியும், வீரமோகனாக எம். ஜி. ராமச்சந்திரனும், ஜீவரேகாவாக ஜி. சகுந்தலாவும், இராசகுருவாக எம். என். நம்பியாரும் நடித்தனர். அதே 1950இல், அதே நிறுவனத்தின் ‘திகம்பர சாமியார்’ படத்தில், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலில் வரும் துப்பறியும் சாமியாராக நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். ஒரே ஆண்டில் ஒரே நடிகர், குற்றத்தை வெளிப்படுத்துபவராகவும் குற்றத்தை மறைப்பவராகவும் தமிழர் முன் நின்றார்.

வீரமும் வாளும் உடைய கதாநாயகன் இருந்தும், கொடியவனின் முடிவு அவன் கையால் நிகழவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். நீதி வழங்க வேண்டிய அவை பொய்த்தது. ஆகவே நீதி ஒரு மலையுச்சிக்குச் சென்று, ஒரு பெண்ணின் கையில் ஒதுங்கிற்று. இந்த அமைப்பு மிகப் பழைய ஒரு கதைக்கு உரியது.

இராசகிருகத்துக் கதை

பௌத்தர்களின் பாலி நூல்களுள் ஒன்று தேரிகாதை. பிக்குணியர் பாடியனவாகக் கூறப்படும் பாடல்களின் தொகுதி அது. அவர்களுள் ஒருத்தி பத்தா குண்டலகேசா. அவள் பாடல்கள் ஐந்து. ஐந்திலும் கணவனைப் பற்றியோ கொலையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மயிர் களைந்து ஓராடை உடுத்துத் திரிந்ததையும், குற்றமில்லாததில் குற்றம் கண்டதையும், புத்தரைக் கண்டு துறவு பெற்றதையும், அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் கடனின்றி உணவேற்று வாழ்ந்ததையுமே அவை கூறுகின்றன.

மலையுச்சிக் கதை, அப்பாடல்களுக்குப் பிற்காலத்தில் எழுந்த உரையில் உள்ளது. உரையாசிரியர் தம்மபாலர். தென்னாட்டுக் கடற்கரையில் இருந்த பதரதித்தம் என்னும் விகாரையைச் சேர்ந்தவர் அவர் என்பது மரபு. அவர் கூறும் கதை பின்வருமாறு:

இராசகிருக நகரத்தில் பெருவணிகன் ஒருவனுக்குப் பத்தா என்னும் மகள் இருந்தாள். அந்நகரத்து அரச புரோகிதனின் மகன் சத்துகன். உயர்குடிப் பிறந்தவனாயினும் அவன் களவுத் தொழிலில் இறங்கிப் பிடிபட்டான். கொலைக்களத்துக்கு அவனை இட்டுச் செல்கையில் பலகணி வழியே பத்தா கண்டாள். அவனின்றி உயிர் வாழேன் என்று படுக்கையில் வீழ்ந்தாள். மகளின் துயர் பொறாத தந்தை, காவலனுக்கு ஆயிரம் பொன் கையூட்டாகக் கொடுத்தான். கள்வன் விடுவிக்கப்பட்டான், நறுநீராட்டப்பட்டு மணமகனாக அவ்வீட்டில் நுழைந்தான்.

சத்துகனின் கண் பெண் மீது இல்லை. அவள் அணிகள் மீதே இருந்தது. கள்வர்களைத் தள்ளிக் கொல்லும் பாறையின் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் உண்டென்று சொல்லி, அணிகளெல்லாம் பூட்டி அவளை அழைத்துச் சென்றான். உச்சியில் தன் எண்ணத்தை உரைத்தான். இறுதியாக ஒருமுறை தழுவிக்கொள்ள இசைவு கேட்டு, தழுவுவாள் போன்று அவனைத் தள்ளினாள் பத்தா. அறிவுடைமை ஆடவர்க்கு மட்டுமே உரியதன்று என்று அம்மலைத் தெய்வம் அவளைப் போற்றியதாக உரை கூறும்.

வீடு திரும்ப நாணிய அவள் சமணத் துறவியரோடு சேர்ந்தாள். களைந்த கூந்தல் சுருள்சுருளாக மீண்டும் வளர்ந்தமையால் ‘குண்டலகேசி’ என்னும் பெயர் பெற்றாள். ஊர் வாயிலில் மணற்குவியலில் நாவற்கிளையை நட்டு, வாதுக்கு வல்லார் வருக என்று அறைகூவி நாடெங்கும் வென்றாள். இறுதியில் சாரிபுத்தர், ‘ஒன்று என்பது யாது?’ என்று கேட்ட வினாவுக்கு விடை தெரியாது தோற்றுப் பௌத்தம் சார்ந்தாள். விரைந்து மெய்யுணர்ந்த பிக்குணியருள் முதல்வி என்று புத்தரே அவளைப் பாராட்டியதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன.

புரோகிதன் மகன் கள்வனாதல், அவன் தண்டனைக்குத் தப்புதல், மலையுச்சி, பெண்ணின் சமயோசிதம் ஆகிய நான்கும் ‘மந்திரி குமாரி’யில் அப்படியே இருக்கக் காண்கின்றோம்.

தமிழ் பெற்ற வடிவமும் இழந்த நூலும்

இக்கதையைத் தமிழில் காப்பியமாக யாத்தவர் நாதகுத்தனார் என்பர். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட ‘குண்டலகேசி’ இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. எஞ்சியிருப்பவை இருபதுக்கும் குறைவான பாடல்களே. அவற்றுட் பலவும் ‘புறத்திரட்டு’ என்னும் தொகை நூலால் பிழைத்தவை. அத்தொகையைப் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை 1938இல் பதிப்பித்தார்.

அவ்வாறாயின் கதை நமக்கு எவ்வாறு கிடைத்தது? இது வியப்புக்குரிய வரலாறு. குண்டலகேசியின் வாதங்களை மறுக்கவே சமணர் ஒருவர் ‘நீலகேசி’ என்னும் நூலை இயற்றினார். அதில் நீலகேசி என்பாள் குண்டலகேசியோடு வாதிட்டு வெல்கிறாள். அந்நூலுக்கு உரை கண்ட சமயதிவாகர வாமன முனிவர், எதிர்க் கட்சியின் கதையைச் சொன்னால்தான் மறுப்பு விளங்கும் என்பதனால், குண்டலகேசியின் வரலாற்றையும் எடுத்துரைத்தார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் நீலகேசியை அவ்வுரையோடு பதிப்பித்தார். போற்றியவர் கையில் நூல் அழிந்தது. மறுத்தவர் கையில் அதன் கதை பிழைத்தது. மாற்றாரின் கூற்றையும் உள்ளவாறு எடுத்துரைத்த அப்பழைய நேர்மைக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

தமிழ்க் கதையில் கள்வன் பெயர் காளன். வணிகன் மகள் பெயர் பத்திரை. காளன் அவளைக் கொல்லத் துணிந்ததற்குக் காரணம் பாலிக் கதையில் உள்ளதுபோல் அணிகலனன்று. ஊடலின்போது அவள் விளையாட்டாக, அவன் கள்வன் அன்றோ என்று சொல்லிவிடுகிறாள். அச்சொல் அவன் உள்ளத்தில் முள்ளாகத் தைக்கிறது. அதனை மனத்தில் வைத்தே மலைக்கு அழைத்துச் செல்கிறான். அவளும் கணவனை வலம்வருவாள் போன்று தள்ளி வீழ்த்துகிறாள்.

இந்த மாறுதல் சிறிதெனினும் ஆழமானது. களவு செய்தபோது நாணாதவன், கள்வன் என்று மனைவி சொன்னபோது சினக்கிறான்! செய்த குற்றம் அவனைச் சுடவில்லை. குற்றத்தின் பெயர்தான் சுடுகிறது. எத்துணைத் தவறு செய்யினும் எவரும் எதுவும் சொல்லாத வீட்டில் வளர்ந்தவனின் மனநிலை இதுவன்றோ? செல்வர் வீட்டுப் பிள்ளையின் உள்ளத்தைத் தமிழ்க் கதை இந்த ஒரு சொல்லால் திறந்து காட்டிவிடுகிறது.

மூன்று திரைகள்

இனி, பாட்டியாரின் தீர்ப்புக்கு வருவோம். இக்கதையின் வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கின், குற்றவாளியை மறைத்து நிற்கும் திரைகள் மூன்று எனத் தெரியும்.

முதலாவது, பணம். பாலிக் கதையில் சத்துகனை மீட்டது அவன் தந்தையின் பதவியன்று. பெண்ணைப் பெற்றவனின் ஆயிரம் பொன். மகள் அழுதாள் என்பதற்காக அவன் நீதியை விலைக்கு வாங்கினான். அந்த விலை பின்னர் மகளின் உயிராக இருந்திருக்கும். அவள் அறிவு அவளைக் காத்தது.

இரண்டாவது, அன்பு. எல்லா வடிவங்களிலும் கள்வனைக் காப்பாற்றுவதில் பெண்ணுக்குப் பங்குண்டு. திரைப்படத்தில் அவளே பொய் சொல்கிறாள். தன் பொய்யால் தப்பியவன் தன்னையே கொல்ல வருவதை அவள் மலையுச்சியில் காண்கிறாள். ஆதலின், அவள் தள்ளியது கணவனை மட்டுமன்று. தான் சொன்ன பொய்யையும் சேர்த்தே தள்ளினாள்.

மூன்றாவது, மதிப்பு. இது திரைப்படம் புதிதாகச் சேர்த்த திரை. மகனைத் தளபதியாக்க விரும்பியவனும், அவனைத் தெய்வத்தின் முன் நிறுத்தச் சொன்னவனும் இராசகுரு. நாடு வணங்கும் பதவியும் நாடு அஞ்சும் தெய்வமும் ஒரு வீட்டுப் பிள்ளையைக் காக்கும் கேடயங்களாயின. விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகளான நாட்டில், பதவியிலுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளைச் சட்டம் தொடுமா என்னும் ஐயத்தைப் படம் மக்கள் முன் வைத்தது எனலாம்.

இதற்கு நேர்மாறான இரு கதைகளையும் தமிழர் போற்றி வந்துள்ளனர். கோவலனும் செல்வர் வீட்டுப் பிள்ளையே. பெருவணிகன் மாசாத்துவானின் மகன். வழிதவறினான், பொருளிழந்தான், திருந்திப் புதுவாழ்வு தேடி மதுரை சென்றான். அங்கே, செய்யாத களவுக்காக, விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். சத்துகன் குற்றம் செய்தவன். பணம் இருந்தமையால் தப்பினான். கோவலன் குற்றமற்றவன், பணம் இழந்திருந்தமையால் மாண்டான். இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், பழந்தமிழர் அரசியல் அறம் பற்றிக் கவலையுற்றது எதனால் என்பது புலனாகும்.

மற்றொன்று, மனுநீதிச் சோழன் கதை. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னன் அவன். பாண்டியன் அவையில் தன் ஊரைக் கூறவந்த கண்ணகி, அம்மன்னனையும் நினைவூட்டுகிறாள். அத்தண்டனையின் கடுமையை இன்று எவரும் பின்பற்றச் சொல்லார். ஆயினும், ‘என் மகன்’ என்னும் சொல் நீதிமன்றத்தின் வாயிலில் நின்றுவிட வேண்டும் என்னும் கருத்து என்றும் பழமை எய்தாது.

நமக்குரிய பாடம்

‘மந்திரி குமாரி’யில் பணியாற்றியோரின் பின்வரலாறு யாவரும் அறிந்தது. உரையாடல் எழுதியவர் 1969இலும், தளபதியாக நடித்தவர் 1977இலும் தமிழக முதலமைச்சர் ஆயினர். 2018இல் மறைந்த கலைஞருக்கு நம் நகரோடும் ஒரு தொடர்புண்டு. பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாது மூடிக்கிடந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் திறந்து வைத்தவர் அவரே. அச்சிலையைக் கடக்குந்தோறும், நடுவுநிலைமையையும் செங்கோன்மையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த புலவரின் உருவத்துக்கும், ஒரு கள்வனுக்காகப் பொய் பேசிய கற்சிலைக்கும் உள்ள தொலைவை நான் எண்ணுவதுண்டு.

அன்பர்களே! இக்கதை அரண்மனைக்கும் மாளிகைக்கும் மட்டும் உரியது என்று நாம் இருந்துவிடல் ஆகாது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்வோர்க்கு மானம் இருமடங்கு பெரிது. ஆகவே மறைப்பும் இருமடங்காகிறது. நம் வீட்டுப் பிள்ளை சிறு களவு செய்தாலோ, ஒரு பெண்ணை இழிவு செய்தாலோ, ‘அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார், நம்மவர் பெயர் என்னாகும்’ என்ற அச்சமே முதலில் எழுகின்றது. அவனைத் திருத்தும் எண்ணம் பின்தங்கிவிடுகிறது. பொருள் கொடுத்து வாய்மூடச் செய்கிறோம். அல்லது ஒரு திருமணம் செய்து வைத்தால் திருந்துவான் என்று, எங்கோ ஒரு வீட்டுப் பெண்ணை அவன் கையில் ஒப்படைக்கிறோம். இராசகிருகத்து வணிகன் செய்ததும் இதுவே அன்றோ? மலையுச்சிக்கு அழைத்துச் செல்லப்படும் பெண்கள் எல்லோரும் குண்டலகேசியைப் போல் தப்பிவிடுவதில்லை.

என் தந்தையாரும் பெரியப்பாவும் அவ்வழக்கைப் பிற்காலத்தும் விட்டவரல்லர். பெரியப்பா இறுதிவரை, கொலை கொலையே என்றார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. பாலிக் கதையின் பத்தாவும் வெற்றிக் களிப்போடு வீடு திரும்பவில்லை. துறவு பூண்டு, வாழ்நாளெல்லாம் வினாக்களோடு ஊர் ஊராக நடந்தாள். ஆனால், அவளை அந்த உச்சியில் நிறுத்தியவர்கள் யார் என்று கேட்டவர் எங்கள் பாட்டியார் ஒருவரே. பணத்தாலும் அன்பாலும் மதிப்பாலும் ஒரு பிழையை மறைத்தவர்கள், அப்பிழையை ஒவ்வொரு படியாக மலைமேல் ஏற்றுகிறார்கள். பின்னர் யார் கை தள்ளிற்று என்று கேட்பதில் பயனில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நம் சங்கம், குண்டலகேசியின் எஞ்சிய பாடல்களையும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவற்றுள் ஒன்று, நம் வாழ்வின் ஒவ்வொரு பருவமும் மடிந்தே அடுத்த பருவம் பிறக்கிறது என்று உணர்த்துகிறது. குழந்தைப் பருவம் மடிந்துவிட்ட மகனைக் குழந்தையாகவே எண்ணி மறைத்துக் காக்கும் பெற்றோர் அப்பாட்டை ஒருமுறை ஓதுதல் நலம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!